வலி மாத்திரையும் ஒரு கேள்வித்தாளும்



ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தாயார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் பத்து நாளைக்கு டிராமடால் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதமாகியும் மாத்திரை நிற்கவில்லை. எலும்பு கூடிவிட்டது, ஆனால் மாத்திரை இல்லாவிட்டால் தூக்கமில்லை, உடம்பெல்லாம் குடைச்சல், வியர்வை. "இன்னும் சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்று மருத்துவர் கேட்டால், "எப்போதாவது ஒன்று, டாக்டர்" என்பார். பக்கத்தில் மகன் நிற்கிறான். வெட்கம் அவரைத் தடுக்கிறது.

சிறுநீரைப் பரிசோதித்தால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். மருந்து உடம்பில் உண்டா இல்லையா என்பதை மட்டுமே அது காட்டும். சொன்ன அளவில் சாப்பிட்டாரா, வலிக்காகச் சாப்பிட்டாரா, கவலையை மறக்கச் சாப்பிட்டாரா என்பதை வியாதியஸ்தரே சொல்லவேண்டும். இதற்காகவே கேள்வித்தாள்களை உருவாக்கினார்கள்.

அபின் வகை வலிமருந்துகளை நீண்டநாள் சாப்பிடுவோருக்கென்று 2007-இல் அமெரிக்காவில் வெளியானது ஒன்று. அதில் 17 கேள்விகள். எல்லாம் கடந்த 30 நாட்களைப் பற்றியவை: மருந்தை அளவுக்கு மேல் எடுத்தீர்களா, பிறருடைய மாத்திரையை வாங்கினீர்களா, மனம் அதையே நினைத்துக்கொண்டிருந்ததா என்பன போன்றவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 9 அல்லது அதற்கு மேல் வந்தால், மருத்துவர் மேலும் விசாரிக்கவேண்டும். யாரும் தப்பிவிடக்கூடாது என்று வேண்டுமென்றே தாழ்வாக வைத்த அளவு இது. ஆகவே மருந்தைச் சரியாகச் சாப்பிடுகிற சிலரும் இதில் அகப்படுவார்கள். 9 வந்ததாலேயே ஒருவரை அடிமை என்று சொல்லிவிட முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 'அசிஸ்ட்' கேள்வித்தாளில் கேள்விகள் எட்டு. அதை உருவாக்கிய ஆய்வுகளில் இந்தியாவுக்கும் பங்குண்டு. மருத்துவர் சொன்னபடி மருந்து சாப்பிட்டால் அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது அதன் விதி. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவரைக் குற்றவாளியாக்காத விதி இது.

மனிதர் மறைப்பார்கள் என்பது ஆய்வாளருக்கும் தெரியும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி, 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வில் வீடு வீடாகச் சென்று கேட்டார்கள். வீட்டில் சொல்லமாட்டார்கள் என்பதால், போதைமருந்துக்கு அடிமையானவர்களைக் கணக்கிட, அவர்கள் மூலமாகவே அவர்களுடைய தோழர்களைக் கண்டு பேசும் வேறொரு முறையையும் சேர்த்துக்கொண்டார்கள். அபின் வகைப் பொருட்களை உபயோகிப்போர் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் என்றும், உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 77 லட்சம் பேர் என்றும் மதிப்பிட்டார்கள். ஜனத்தொகையில் 0.96 சதவீதம் பேர் உபயோகித்தவை மருந்துக்கடை வகைகள்.

இந்த எண்களைக் கண்டு பயந்து கதவை அடைப்பதும் ஆபத்தே. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பின், கெடுபிடிகளால் மருத்துவத்துக்கான மார்ஃபின் உபயோகம் நம் நாட்டில் மிகவும் குறைந்தது. புற்றுநோயாளிகள் பலர் வலியோடே மரித்தார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு விதிகள் எளிதாயின. டிராமடாலோ 2018-இல் அச்சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வலியுள்ளவருக்கு மருந்து கிடைக்கவேண்டும். சிக்கிக்கொண்டவருக்கு உதவி கிடைக்கவேண்டும். இருவரையும் பிரித்தறியச் சரியாகக் கேட்கவேண்டும்.

சரியாகக் கேட்பது எப்படி? உறவினரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நிதானமாக வாசித்துக் காட்டவேண்டும். உண்மையைச் சொன்னால் நாளைக்கே மருந்தை நிறுத்திவிடமாட்டோம் என்று முதலிலேயே உறுதி சொல்லவேண்டும். இந்த உறுதி கிடைத்தால் அந்தத் தாயாரும் வாய் திறப்பார். திடீரென்று நிறுத்தினால் உடம்பு படாதபாடு படும். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்கவேண்டும்.

தங்கள் வீட்டிலும் சபையிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். கண்டிக்காமல், "மாத்திரை இல்லாமல் இருக்க முடிகிறதா?" என்று தனிமையில் கேளுங்கள். பழைய சீட்டைக் காட்டி மீண்டும் மீண்டும் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.