பழைய துணிக்கு விலை எதற்கு?

சிறுவாச்சூரில் நம் கடையைப் பார்த்த சிலர் இப்படிக் கேட்கிறார்கள்.

இலவசமாகக் கொடுத்தபோது, தேவையிருந்தும் வரிசையில் நிற்கக் கூசித் திரும்பியவர்களைக் கண்டோம். சிறு விலை வைத்தால் அவரும் வாடிக்கையாளர், பிடித்ததைத் தேர்ந்தெடுப்பார். டெல்லியில் 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பும், கிணறு வெட்டி, சாலை சீரமைக்கும் கிராமத்தாருக்கு அந்த உழைப்புக்கு ஈடாகத்தான் துணி தருகிறது. வாங்குபவர் தலைகுனிவதில்லை.

விற்ற காசு ஏழைகளின் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போகிறது. பிரிட்டனின் ஆக்ஸ்ஃபாம் 1940களிலிருந்தே இப்படிக் கடை நடத்தி நிவாரணப் பணிக்கு நிதி திரட்டுகிறது. ஸகாத் பணத்தை நாம் இதில் கலப்பதில்லை. கையில் காசே இல்லாதவரிடம் விலை கேட்பதுமில்லை.

கிழிந்ததை அனுப்பாதீர்கள். துவைத்து, பொத்தான் தைத்து, நாமே உடுத்தத் தயங்காததைத் தாருங்கள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் தர்மம் பாழாகும் என்று குர்ஆன் எச்சரிக்கிறது. கடையில் கொடுத்தவர் யாரென்று வாங்குபவருக்குத் தெரியாது.