லண்டன் காற்றும் காருக்குச் சுங்கமும்

மூச்சு விடுவதற்கு உலகில் எவரும் வரி கொடுப்பதில்லை. ஆனால், பிறருடைய மூச்சைக் கெடுக்கிறவர்கள் வரி கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி 2023-ம் வருஷத்தில் லண்டன் மாநகரத்தின் அரசியலையே ஆட்டி வைத்தது. புகை அதிகமாகக் கக்கும் பழைய வாகனங்களை ஓட்டுகிறவர்கள் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைப் பவுன் செலுத்த வேண்டும் என்ற விதி, அவ்வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி முதல் லண்டனின் 32 பரோக்களுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. குழந்தைகளின் உயிரைக் காக்கும் ஏற்பாடு என்றார்கள் ஒரு சாரார். ஏழையின் மடியில் கை வைக்கும் ஏற்பாடு என்றார்கள் மற்றொரு சாரார். இரண்டு கூற்றிலும் உண்மையுண்டு என்பதே நமது அபிப்பிராயம். ஆதலால் இந்த விவகாரத்தை ஆத்திரமின்றி ஆராய்வது பொதுக் காரியத்தில் ஈடுபட்டோர் எல்லோருக்கும் பயன் தரும்.

லண்டன் தன் காற்றைப் பற்றிப் பாடம் கற்றது இது முதல் தடவையல்ல. 1952-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி முதல் 9-ந் தேதி வரை நிலக்கரிப் புகை மூடுபனியோடு கலந்து நகரை மூடியது. அக்காலத்துக் கணக்குப்படி சுமார் 4,000 பேர் அதனால் மாண்டனர். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் அத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கின்றனர். அதன் விளைவாகவே 1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம் பிறந்தது. புகையற்ற பிரதேசங்களை ஏற்படுத்தும் அதிகாரம் ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கிடைத்தது. அச்சட்டத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. வீட்டுக் கணப்பை மாற்றியமைக்கும் செலவில் பத்தில் ஏழு பங்கையேனும் ஸ்தல ஸ்தாபனம் கொடுக்க வேண்டும் என்று அச்சட்டமே விதித்தது. பழக்கத்தை மாற்று என்று பிரஜைக்கு உத்தரவிட்ட சட்டம், மாற்றுவதற்கு வேண்டிய பணத்தையும் உடன் கொடுத்தது.

அன்றைய புகை கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய விஷம் தெரிவதில்லை. மோட்டார் வாகனங்களிலிருந்து வெளிவரும் நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்ற வாயுவும், இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட நுண்ணிய தூசியும் தெருவில் நிற்போருக்குப் புலப்படுவதில்லை. தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத இத்தூசி நுரையீரலின் அடிவரை சென்று விடுகிறது. மூச்சு நோயையும் இருதய நோயையும் இது வளர்க்கிறது என்பதில் வைத்திய நிபுணர்களிடையே இன்று சந்தேகமில்லை.

கண்ணுக்குத் தெரியாத சத்துருவை அளந்து காட்டும் பொறுப்பை 1995-ம் வருஷத்திய சட்டம் ஸ்தல ஸ்தாபனங்களிடமே ஒப்படைத்தது. ஒவ்வொரு கவுன்ஸிலும் தன் எல்லைக்குள் காற்றின் நிலையைச் சோதித்து வர வேண்டும். நைட்ரஜன் டை ஆக்ஸைடு வருஷ சராசரியில் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அங்குள்ள வரம்பு. தாண்டும் இடத்தை விசேஷ நிர்வாகப் பிரதேசமாக அறிவித்து, பரிகாரத் திட்டம் ஒன்றை வகுக்க வேண்டும். இதற்கு மிக எளிய சாதனம் ஒன்று பயன்படுகிறது. விரல் நீளமுள்ள சிறு குழாயைத் தெரு விளக்குக் கம்பத்தில் கட்டி, சுமார் ஒரு மாதம் கழித்து அவிழ்த்து, ரசாயன சாலைக்கு அனுப்புகிறார்கள். தெருவின் குணதோஷம் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆயினும் அளப்பது வேறு, ஆள்வது வேறு. தென்கிழக்கு லண்டனில் லூயிஷாம் பகுதியில், வாகனங்கள் ஓயாது நெருக்கும் சவுத் சர்க்குலர் சாலைக்கு அருகே வசித்த எல்லா கிஸ்ஸி டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, கடுமையான ஆஸ்துமாவினால் 2013 பிப்ரவரியில் இறந்தாள். அவளுடைய தாயார் விடாது போராடியதன் பயனாக, முதல் விசாரணையின் முடிவு ரத்தாகி, இரண்டாவது விசாரணை நடந்தது. 2020 டிசம்பரில், அசுத்தக் காற்றும் அம்மரணத்துக்குக் காரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். புள்ளி விவரங்களில் பெயரின்றிக் கிடந்த சாவுக்கு அன்று ஒரு பெயர் கிடைத்தது. அளவுக் குழாய்கள் பல வருஷங்களாகச் சொல்லி வந்ததைச் செவியில் ஏற்காமலிருந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய கண்டனம் வேறென்ன வேண்டும்?

இனி, மறு பக்கத்தையும் பார்ப்போம். பழைய டீசல் கார் வைத்திருப்பவன் குற்றவாளியா? 2001-ல் பிரிட்டிஷ் சர்க்கார், கரியமில வாயுவைக் குறைவாக வெளியிடும் கார்களுக்கு வரியைக் குறைத்தது. அவ்வகையில் டீசல் கார் அனுகூலம் பெற்றது. 2000-ம் வருஷத்தில் விற்ற புதுக் கார்களில் சுமார் ஏழில் ஒன்றே டீசல் கார். 2011-லோ பாதிக்கு மேல் டீசல்தான். பூமியின் உஷ்ணத்தைத் தணிக்கப் போகிறோம் என்று நம்பி வாங்கியவர்கள், தெருவின் காற்றைக் கெடுத்தவர்கள் என்று பின்னர் பழி சுமந்தார்கள். சோதனைச் சாலையில் சாதுவாக நடந்துகொண்ட எஞ்சின்கள் சாலையில் பன்மடங்கு விஷம் கக்கின என்பது 2015-ல் வோக்ஸ்வாகன் மோசடி அம்பலமானபோது உலகறிய வெளியாயிற்று. சர்க்காரின் யோசனையும் உற்பத்தியாளரின் சூழ்ச்சியும் சேர்ந்து செய்த பிழைக்குச் சாமானியன் மட்டும் தண்டனை பெறுவது நியாயமாகுமா?

எதிர்ப்பு இதிலிருந்துதான் வலுப்பெற்றது. இந்த ஏற்பாட்டை முதலில் வகுத்தவர் கன்ஸர்வேடிவ் மேயராயிருந்த போரிஸ் ஜான்ஸன். அதை 2019 ஏப்ரலில் மத்திய லண்டனில் அமலாக்கி, 2021-லும் 2023-லும் விஸ்தரித்தவர் தொழிற் கட்சி மேயர் சாதிக் கான். அப்படியிருந்தும், கடைசி விஸ்தரிப்பை எதிர்த்து ஐந்து கன்ஸர்வேடிவ் கவுன்ஸில்கள் ஹைகோர்ட்டுக்குச் சென்றன; ஜூலை 28-ல் தோற்றன. அதற்கு எட்டு நாள் முன்பு நடந்த அக்ஸ்பிரிட்ஜ் உப தேர்தலில், இவ்வெதிர்ப்பையே ஆயுதமாகக் கொண்டு கன்ஸர்வேடிவ் அபேட்சகர் 495 வோட்டு வித்தியாசத்தில் ஜயித்தார்.

பழைய வாகனத்தை ஒழிப்பவருக்கு உதவித் தொகை இல்லாமற் போகவில்லை. ஆனால் அது முதலில் சில வகுப்பினருக்கே கிடைத்தது. எல்லா லண்டன்வாசிகளுக்கும், ஒரு காருக்கு 2,000 பவுன் வரை என்று அது திறந்து விடப்பட்டது ஆகஸ்டு 21-ந் தேதியில்; அதாவது, சுங்கம் அமலுக்கு வருவதற்கு எட்டு நாட்களுக்கு முன்! 1956-ல் சட்டத்தோடு உதவியும் பிறந்தது. 2023-ல் உதவி கூச்சலுக்குப் பின் வந்தது. அந்தக் கால தாமதம் நல்ல காரியத்துக்குத் தேவையற்ற பகைவர்களைச் சம்பாதித்துக் கொடுத்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், சுங்கம் தவறு என்று நாம் கூறமாட்டோம். 2021-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி லண்டனில் ஐந்தில் இரண்டு குடும்பங்களுக்கு மேல் காரே கிடையாது. ஏழைகளின் பேரால் பேசுகிறவர்கள், காரில்லாமல் பெரிய சாலையோரத்தில் குடியிருந்து பிறருடைய புகையைச் சுவாசிக்கும் ஏழையை மறந்து விடலாகாது. அவன் நாள்தோறும் செலுத்தி வந்த சுங்கம் பவுனில் அல்ல, ஆயுளில். பலனும் கண்கூடு. லண்டனில் ஓடும் வாகனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இன்று விதிக்கு உட்பட்டவை. சாலையோரத்து நைட்ரஜன் டை ஆக்ஸைடும் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஆனால் காரை மாற்றினால் மட்டும் போதாது. மின்சாரக் காரின் பின்னால் புகைக் குழாய் இல்லை. எனினும் அதன் டயரும் பிரேக்கும் தேயத்தான் செய்கின்றன. பிரிட்டனில் சாலைப் போக்குவரத்திலிருந்து எழும் நுண் தூசியில் பெரும்பகுதி இன்று இப்படித் தேய்மானத்தால் வருவதே. ஒரு மைல் தூரத்துக்குள் உள்ள கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கார் எடுப்பது மிகக் கெட்ட வழக்கம். எஞ்சின் சூடேறும் முன், புகையைச் சுத்தி செய்யும் கருவி சரிவர வேலை செய்வதில்லை. குழந்தையைக் காருக்குள் வைத்துவிட்டால் காப்பாற்றியதாகாது. நெரிசலில் முன்வண்டியின் புகை காருக்குள்ளும் புகுகிறது. பெரிய சாலையை விட்டுப் பக்கத்துச் சந்து வழியே நடப்பவன் பல சமயங்களில் அதிக சுத்தமான காற்றைப் பெறுகிறான்.

பிரஜையிடம் இந்தத் தியாகத்தைக் கேட்பதற்கு ஸ்தல ஸ்தாபனத்துக்கு உரிமையுண்டு. ஆனால் அவ்வுரிமை இலவசமாகக் கிடைப்பதன்று. காலத்தில் வரும் பஸ்ஸும், அச்சமின்றி நடக்கக் கூடிய நடைபாதையும், மாறுவதற்கு வேண்டிய பண உதவியும் முன்னே செல்ல வேண்டும். அபராதச் சீட்டு பின்னே வர வேண்டும். இந்த வரிசை மாறினால், சுத்தக் காற்று என்ற சொல்லே ஜனங்களின் காதுக்குக் கசப்பாகி விடும். வரிசை தவறாமல் நடத்தப்பட்டால், 1956-க்குப் பின் கணப்புப் புகையை விட்டுக் கொடுத்ததைப் போல், காரையும் வேண்டிய போது மட்டும் எடுக்க ஜனங்கள் தாமே பழகிக் கொள்வார்கள். லண்டன் தன் சொந்தச் சரித்திரத்திலிருந்தே கற்க வேண்டிய பாடம் இதுவே.