பத்தாயிரம் அடிகளின் கதை

நடையை எண்ணிக் காட்டும் சிறு கருவியே அடிமானி. இன்று கைப்பேசியிலும் கைக்கடிகாரத்திலும் அது அடங்கிவிட்டது. நாளொன்றுக்கு 10,000 அடி என்ற இலக்கு மருத்துவ ஆய்வில் பிறந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’ என்ற அடிமானியின் பெயருக்கே ‘பத்தாயிரம் அடி அளவி’ என்றுதான் பொருள்.

அமெரிக்காவில் சராசரி வயது 72 கொண்ட சுமார் 17,000 பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்குமேல் கூடுதல் பலன் தென்படவில்லை. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விறுவிறு நடையும் அதில் சேரும்.

எனவே, தற்போதைய அடிக்கணக்கைக் குறித்துக்கொண்டு சிறிது சிறிதாக உயர்த்துவதே அடிமானியின் சரியான பயன்.