முத்துக்குளித்துறையின் இரு விசுவாசங்கள்

உலகையும் மனித வாழ்வையும் கடவுள் தம் நோக்கத்தின்படி நடத்திச் செல்கிறார் என்னும் நம்பிக்கையைக் கிறித்தவ இறையியல் தேவ பராமரிப்பு என்று குறிப்பிடுகிறது. எனினும், ஆள்வோருக்குரிய கடமையும் சமயப் பற்றும் எதிரெதிரே நிற்கும்போது அந்த நடத்துதலை எளிய மக்கள் எவ்வாறு கண்டுகொள்கிறார்கள் என்பது இறையியல் நூல்கள் எளிதில் தீர்த்துவைக்காத கேள்வி. 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறிய தூத்துக்குடியில், முத்துக்குளிக்கும் சமூகமான பரதவர் அதை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக எதிர்கொண்டனர்.

இச்சமூகம் 1530களில் கத்தோலிக்கத்தைத் தழுவியதற்கு முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசலும், அதில் போர்த்துக்கீசியர் தரக்கூடிய பாதுகாப்புமே உடனடிக் காரணங்கள் என்பதை மறைப்பதற்கில்லை. 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், உள்ளூர்த் துணைவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, சிறுவர்களை மனப்பாடம் செய்யவைத்து, குருக்கள் இல்லாத ஊர்களில் கற்பிப்பதற்குக் கணக்கப்பிள்ளைகள் எனப்பட்ட பொதுநிலையினரை அமர்த்தினார்; பின்வந்த என்றிக்கே என்றீக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அரசியல் கணக்கில் தொடங்கிய சமயம் இவ்வாறு வீட்டு வழக்கமாக வேரூன்றியது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி கால்வினின் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தது. அது கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றி, கோயில்களைக் கைக்கொண்டு, பிலிப்பு பால்தேயு போன்ற போதகர்களைக் கொண்டு பரதவரைத் தன் சபைக்கு ஈர்க்க முயன்றது. பரதவர் கம்பெனியை எதிர்த்துக் கலகம் செய்யவில்லை. சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புப் பருவத்தில் அதன் மேற்பார்வையில் கடலில் இறங்கி, குளியாளர் கட்டி மூழ்கும் கல்லைக் கொண்டு கணக்கிடப்பட்ட வரியைக் கட்டி, சங்கு வணிகத்திலும் அதனுடன் உறவு வைத்துக்கொண்டனர். திருமுழுக்கையும் திருமணத்தையும் மட்டும் அதன் போதகரிடம் ஒப்படைக்க மறுத்து, கம்பெனியின் அதிகாரம் எட்டாத ஊர்களில் தங்கியிருந்த குருக்களைத் தேடிப் போயினர். சீசருக்குரியதைச் சீசருக்கும் கடவுளுக்குரியதைக் கடவுளுக்கும் கொடுக்கச் சொன்ன நற்செய்திப் போதனை இங்கு வரிக்கணக்கின் அளவுக்கு நுட்பமாகப் பிரிக்கப்பட்டது என்றே கூறவேண்டும். பெரும்பாலோருக்கு வானத்துக் குரலோ கனவோ வழிகாட்டியதாகத் தெரியவில்லை. மனப்பாடமான செபமும், செபமாலையும், சாதித் தலைவர் முன் கூடிய ஊர்முடிவுமே அந்தப் பணியைச் செய்தன.

தனி மனிதரின் துணிவும் இதே கரையில் காணப்பட்டது. இலங்கையில் ஒல்லாந்தரால் குருக்கள் துரத்தப்பட்டிருந்ததை அறிந்த கோவாவின் யோசே வாசு அடிகள், 1687இல் ஏழைத் தொழிலாளியின் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து படகேறினார். பின்னர் கண்டியில் போர்த்துக்கீசிய ஒற்றர் என ஐயுற்றுச் சிறைவைக்கப்பட்டாலும், காலப்போக்கில் அந்நாட்டு மன்னரின் நம்பிக்கையையே பெற்றார். 2015இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிசு அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

இந்த உறுதியை முழுவதும் பக்தியின் கணக்கில் எழுதுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. முத்தும் சங்கும் எடுக்கப் பரதவரின் மூச்சு கம்பெனிக்குத் தேவைப்பட்டதால் கட்டாயத்துக்கு எல்லை இருந்தது. மாதா கோயிலும் சாதித் தலைமையும் பிணைந்திருந்ததால் சமயத்தை விடுவது சமூகத்தையே கலைப்பதாகவும் இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சி நீடித்த காலத்திலேயே, 1712இல் பனிமய மாதாவின் புதிய கோயிலுக்கு அடிக்கல் இடப்பட்டு அடுத்த ஆண்டு அது மந்திரிக்கப்பட்டது.

இதைவிடச் சிக்கலான சோதனை பத்தொன்பதாம் நூற்றாண்டில், திருச்சபைக்குள்ளிருந்தே வந்தது. இம்மண்டலத்தில் ஆயர்களை முன்மொழியப் போர்த்துக்கல் மன்னருக்கு இருந்த பத்ரோவாதோ உரிமையைத் திருத்தந்தை 1838இல் குறுக்கியபோது, அவ்வுரிமையைச் சார்ந்த கோவா குருக்களின் பின் ஒரு சாராரும், உரோமை அனுப்பிய இயேசு சபையினரின் பின் மற்றொரு சாராருமாகத் தூத்துக்குடி பிளவுபட்டது. முன்பு ஒல்லாந்தப் போதகரை மறுக்கத் துணைநின்ற அதே செபங்களை இரு தரப்பாரும் சொன்னார்கள். இறைவன் தங்கள் பக்கம் நடத்துகிறார் என்றே இரு தரப்பாரும் நம்பினார்கள்.