உங்களுக்குத் தெரியுமா? மாயாவியோடு வளர்ந்த வாசகர்கள்

மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, கை மட்டும் தெரியும் இரும்புக்கை மாயாவி, 1962-இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ சிறுவர் வார இதழில் பிறந்தவர். 1972-இல் வெளிவந்த சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர் கதைதான். படித்த சிறுவர்கள் பெரியவர்களானார்கள். பதிப்பகமும் அவர்களை விடவில்லை. 2012-இல் அதன் லயன், முத்து காமிக்ஸ் இதழ்கள் பளபளப்பான தாளுக்கும் வண்ணத்துக்கும் மாறின. விலையும் பெரியவர்களுக்கானதுதான்!

நினைவிழந்தவன் தன் அடையாளத்தைத் தேடும் பெல்ஜியத் தொடர் ‘இரத்தப் படலம்’, இதே பதிப்பகத்திலிருந்து 2010-இல் 18 பாகங்களும் சேர்ந்த ஒரே குண்டு இதழாக வந்தது. அதே கதையை யூபிசாஃப்ட் நிறுவனம் 2003-லேயே வீடியோ கேமாக்கிவிட்டது. அதில் வெடிச் சத்தம்கூடத் திரையில் எழுத்தாகத் தெறிக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய முத்து காமிக்ஸ் கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேடி வாங்க ஆள் இருக்கிறது.