கைமாறிச் செல்லும் காசு

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பைப் பற்றி உரைக்கும் ஆண்டவர், தம்மை அந்நியனின் இடத்தில் நிறுத்துகின்றார். அப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம், வரவேற்கும் இடத்திலேயே என்னை வைத்து வாசித்து வந்தேன். நானே அந்நியனாகி மணிலா நகரில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தபோதுதான், வரவேற்கப்படுபவனுக்கும் ஒரு கடமை உண்டென்பது விளங்கிற்று. விளங்கவைத்தது ஒரு ஜீப்னி வண்டி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, கூரை வேய்ந்து, பிலிப்பைன்ஸ் மக்கள் உருவாக்கிய பயணிகள் வாகனமே ஜீப்னி. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி மடுத் திருத்தலத்தில் நம்மோடு செபித்த திருத்தந்தை பிரான்சிஸ், மறுநாள் மணிலாவுக்குப் பயணமானார். அங்கே மக்கள் வெள்ளத்தினூடே அவர் வலம்வந்த வாகனங்களுள் ஒன்று ஜீப்னியின் சாயலிலேயே அமைக்கப்பட்டிருந்தது.

வண்டியின் பின்புறத்தால் குனிந்து ஏறவேண்டும். உள்ளே எதிரெதிராக இரு நீண்ட வாங்குகள். முழங்காலோடு முழங்கால் முட்டும். சாரதியின் முன்னே செபமாலையோ, குழந்தை இயேசுவின் சிறு சொரூபமோ தொங்கும். நடத்துநர் பெரும்பாலும் இருப்பதில்லை. ஏறியவர் "பயாட் போ" என்று மரியாதையோடு கூறிக் கட்டணத்தைப் பக்கத்திலிருப்பவரின் கையில் வைப்பார். அது கைமாறிக் கைமாறிச் சாரதியைச் சென்றடையும். மிகுதிக் காசும் அதே வழியால் திரும்பி வரும்.

இதை அறியாத முதல் நாளில், ஒரு மூதாட்டி என் உள்ளங்கையில் நாணயங்களை வைத்தார். என் மெலிந்த தோற்றத்தைக் கண்டு இரங்கிவிட்டார் போலும் என்றெண்ணி, வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தேன். வண்டி முழுவதும் சிரித்தது.

நான் வளர்ந்த காலத்தில் பஸ் பயணம் என்பது வேறொன்றாக இருந்தது. சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காண்பித்து, நடந்து சென்று மீண்டும் ஏறவேண்டும். மடியிலுள்ள பையை இறுகப் பற்றியபடி, பக்கத்திலிருப்பவரோடு பேசாமல் பயணிக்கப் பழகியவன் நான். ஆகையால் மணிலாவில் எப்போதும் சில்லறை நாணயங்களையே கொண்டு சென்றேன். தொலைந்தாலும் கவலையில்லை அல்லவா?

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சட்டைப்பையில் 500 பெசோத் தாள் ஒன்றே இருந்தது. கருநிற நாசரேயனின் திருச்சொரூபம் உள்ள கியாப்போ ஆலயத்தில் வெள்ளிக்கிழமைகளில் பெருங்கூட்டம் கூடும். அவ்வழியாற் சென்ற வண்டி நிரம்பி வழிந்தது. மழைக்காகப் படங்குகளை இறக்கியிருந்ததால் உள்ளே இருள். என் தாள் ஐந்து கைகளைக் கடந்து சென்றது. கடைசியாக அதை வாங்கியவன் கைகளில் பச்சை குத்திய ஓர் இளைஞன். மிகுதிப் பணம் வரவில்லை. ஆலயத்தைக் கடக்கையில் அனைவரும் சிலுவை அடையாளம் வரைந்தனர். அவனும் வரைந்தான். நானும் வரைந்தேன், கண்கள் மட்டும் அவனுடைய கையைவிட்டு அகலவில்லை.

சற்றுத் தூரத்தில் அவன் கூரையைத் தட்டிவிட்டு, இறங்குவதற்காகக் குனிந்து வந்தான். அவனுடைய சட்டையைப் பிடித்தேன். "என் பணம்!" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

அவன் சினங்கொள்ளவில்லை. இறங்காமல் திரும்பிச் சாரதியிடம் ஏதோ கூறினான். சாரதி என் தாளை உயர்த்திக் காட்டினார். அதை மாற்றுவதற்கு அவரிடம் காசு போதவில்லை. அடுத்த தரிப்பிடத்தில் ஒரு தெருவோர வியாபாரியிடம் மாற்றும்வரை அவ்விளைஞன் அமர்ந்திருந்தான். மிகுதிப் பணம் கைமாறி வந்தபோது, அதை என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தான். பின்பு இறங்கி, பையைத் தலைக்குமேல் பிடித்தபடி, வந்த வழியே மழையில் திரும்பி நடந்தான். அவனுடைய மொழியில் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. என் மொழியிலும் அப்போது சொல் எழவில்லை.

மறுநாள் பாவசங்கீர்த்தனத்தில் இதைக் கூறினேன். முதிய குருவானவர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, எந்த வழித்தட வண்டி என்று வினவினார்!

அதன்பின் சாரதிக்கு நேர் பின்னாலுள்ள இடம் காலியாக இருந்தால் அங்கேயே அமரலானேன். அவ்விடத்தைப் பலர் விரும்புவதில்லை. வண்டியிலுள்ள அத்தனை பேரின் காசும் அங்கே இருப்பவரின் கைவழியாகவே போய்வரவேண்டும். ஒரு பயணம் முடிவதற்குள் இருபது, முப்பது தடவையாவது கையை நீட்டினேன்.