ஆக்டோபஸ் அடித்த 58

கோல்ஃப் வீரர் மேத்யூ வுல்ஃப் பந்தின் முன்னால் நின்றால், முதலில் அசைவது இடுப்புதான். இலக்குப் பக்கம் ஒரு வெட்டு வெட்டிவிட்டுத் திரும்பும். அப்புறம் கிளப் கிளம்பும். உடம்பைச் சுற்றி வளைந்து போகாமல், வெளியே விலகி வானத்தைப் பார்த்து நிமிரும். இடது குதிகால் தரையை விட்டு எழும். முதல்முறை பார்ப்பவருக்கு, ஆளை எறும்பு கடித்துவிட்டதோ என்று தோன்றும்.

2019 ஜூலையில் மினசோட்டாவில் நடந்த 3எம் ஓப்பனில், கடைசிக் குழியில் கிரீனின் ஓரத்திலிருந்து 26 அடி தூரம் பந்தை உருட்டி ஈகிள் (குழிக்கு வைத்த கணக்கைவிட இரண்டு ஸ்ட்ரோக் குறைவு) எடுத்தார் வுல்ஃப். வயது 20. ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பை. அதே குழியில் ஈகிள் போட்டுச் சமன் செய்ய வாய்ப்பிருந்தும் தவறவிட்டவர் காலின் மோரிகாவா. அவர் அப்போதுதான் கல்லூரி முடித்து வந்தவர். பாடப்புத்தகத்தில் படமாகப் போடலாம் என்று பேர் வாங்கிய ஸ்விங் அவருடையது. அன்று கோணல் ஜெயித்தது. ஆனால் 2020 பிஜிஏ சாம்பியன்ஷிப்பும் 2021 பிரிட்டிஷ் ஓப்பனும் மோரிகாவாவுக்குப் போயின. வுல்ஃபுக்கோ பிஜிஏ டூரில் இரண்டாவது வெற்றி அமையவில்லை.

அந்தப் பாடப்புத்தகம்தான் எது? பலர் கைகாட்டுவது பென் ஹோகன் 1957-இல் எழுதிய 'ஃபைவ் லெசன்ஸ்'. தோளிலிருந்து பந்துவரை சாய்ந்து கிடக்கும் கண்ணாடித் தகடு ஒன்றை அதில் கற்பனை செய்யச் சொன்னார்; பேக்ஸ்விங்கில் கைகள் அதை உடைக்கக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், பந்து இடப்பக்கம் வளைந்து ஓடும் 'ஹூக்' வியாதியால் பல வருடம் அவதிப்பட்டவர் ஹோகன். அவர் தனக்குக் கண்டுபிடித்த மருந்தை ஊரே பத்தியமாக எடுத்துக்கொண்டது.

ஜிம் ஃபியூரிக் அந்தக் கண்ணாடியை ஒவ்வொரு அடியிலும் உடைத்தவர். மேலே ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது ஒரு வளையம் போட்டு வேறு வழி. மரத்திலிருந்து விழும் ஆக்டோபஸ் என்று வர்ணனையாளர் டேவிட் ஃபெஹர்டி கிண்டலடித்தார். அந்த ஆக்டோபஸ் 2003-இல் யுஎஸ் ஓப்பனை வென்றது. 2016-இல், 46 வயதில், டிராவலர்ஸ் போட்டியின் ஒரு சுற்றை 58 ஸ்ட்ரோக்கில் முடித்தது. பிஜிஏ டூரில் அதற்கு முன் யாரும் அதைத் தொட்டதில்லை.

கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய அரை மில்லி விநாடி. அந்த நேரத்தில் கிளப் முகம் எங்கே பார்க்கிறது, என்ன வேகம், எந்தத் திசை என்பதே பந்துக்குக் கணக்கு. இன்று ரேடார் கருவிகள் அதை அளந்து சொல்லிவிடுகின்றன. ஆனாலும் பயிற்சி மைதானத்தில், மகனின் பேக்ஸ்விங்கைச் செல்போனில் உறையவைத்து, "கை ஏன் இவ்வளவு மேலே போகுது?" என்று கேட்கும் அப்பாக்கள் குறையவில்லை.

இதை வைத்து, எப்படி வேண்டுமானாலும் வீசலாம் என்று பிள்ளைகளிடம் சொல்வதும் அபத்தம். முறையான பயிற்சியே இல்லாமல் இரண்டு மாஸ்டர்ஸ் வென்ற பப்பா வாட்சன் விதிவிலக்கு. ஃபியூரிக்கின் ஒரே பயிற்சியாளர் அவருடைய அப்பா மைக். வுல்ஃபுக்கு ஜார்ஜ் கான்காஸ். மோரிகாவாவை எட்டு வயதிலிருந்து பார்த்துக்கொண்டவர் ரிக் செஸிங்ஹாஸ். கோணலோ நேரோ, பக்கத்தில் ஒருவர் நின்று, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று வருடக்கணக்கில் கவனித்திருக்கிறார்.

ஸ்காட்டி ஷெஃப்லர் டிரைவர் கிளப்பை வீசும்போது வலது கால் வழுக்கிப் பின்னால் இழுபடும், ஈரத் தரையில் சறுக்கியவரைப் போல. சிறுவயதிலிருந்தே அவருக்குப் பயிற்சியளிக்கும் ராண்டி ஸ்மித் பிடிமானத்தை, நிற்கும் நிலையைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார். அந்தக் காலை மட்டும் அதன் போக்கில் விட்டுவிட்டார்.